இன்னும் கறுக்காத வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. ஆம்பூருக்குப் பக்கத்தில் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய சின்ன தர்ம ஆஸ்பத்திரி அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதியில் அங்கே நான் காயம் கட்டும் டிரஸ்ஸராக இருந்தேன். டாக்டர் திங்களும் வியாழனும் வேலூரிலிருந்து ரயிலில் வந்து போவார். மற்ற நாட்களில் மருந்து கலப்பதும் நான், கட்டுப் போடுவதும் நான், அதட்டுவதும் நான். ஜனங்கள் என்னையே டாக்டர் என்று கூப்பிட்டார்கள். ஒருநாளும் நான் அதைத் திருத்தியதில்லை.

அங்கே இரண்டு காரியங்களில் எனக்குப் பெருமை உண்டு. ஒன்று என் தையல். காயத்தின் இரண்டு விளிம்பையும் சேர்த்து நான் தைத்தால், கட்டுப் பிரிக்கும் அன்று டாக்டரே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். இன்னொன்று மை. கடையில் விற்கும் மைத்தூள் எனக்குப் பிடிக்காது. தோல் பதனிடும் ஷாப்களில் கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரு கை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதைத் தட்டிக் காய்ச்சி, சோகை பிடித்தவர்களுக்காக அலமாரியில் வைத்திருந்த அன்னபேதியை, அதாவது இரும்பு உப்பை, ஒரு சிட்டிகை போட்டால் மை தயார். எழுதும்போது வெளிறிப்போய்த்தான் இருக்கும். காற்றுப் பட்டு நாலு நாளில் நல்ல கறுப்பாகிவிடும். அதற்குப் பிறகு தண்ணீரைக் கொட்டினாலும் போகாது. ஆஸ்பத்திரிப் பதிவேடு முழுவதும் அந்த மையில் என் கையெழுத்துதான். ஷாப்காரர்களின் குமாஸ்தாக்களும் பார்க்க வேண்டும் என்பதால் அதைத் தமிழில் எழுதி வந்தோம்.

பதிவேட்டில் ஒரு விதி இருந்தது. வெட்டுக்காயம் எதுவானாலும் தைப்பதற்கு முன்னால் உள்ளே சலாகை விட்டுப் பார்க்க வேண்டும். சலாகை என்பது ஒரு மெல்லிய எஃகுக் குச்சி. முள்ளோ சிராயோ கத்தித் துண்டோ இருந்தால் அதன் நுனியில் தட்டுப்படும். பார்த்ததை எழுதவும் வேண்டும். டாக்டர் இதில் கறாரானவர். அதனால் நானும் ஒரு வரி வைத்திருந்தேன்: 'சலாகை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.' எல்லாருக்கும் அதே வரி. விட்டுப் பார்த்தவர்களுக்கும் எழுதினேன், பார்க்காதவர்களுக்கும் எழுதினேன். வரிசை நீளமாக இருக்கும் நாளில் சலாகையைக் கொதிக்கவைக்கவும் நேரம் இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

நேரம் மட்டும் காரணமில்லை. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் உள்ளே வந்தால் சுண்ணாம்பும் கொழுப்பும் ஊறிய தோலும் சேர்ந்த ஒரு வாடை கூடவே வரும். எனக்கு அது ஆகாது. மூச்சை அடக்கிக்கொண்டு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கட்டி அனுப்புவேன். அவர்கள் சேரியிலிருந்து வருகிறவர்கள் என்பதும் அதில் சேர்ந்திருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் பொய்.

அந்த மனிதர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பது வயது இருக்கும். பதனிட்ட தோலின் உட்பக்கத்தைக் கத்தியால் சீவி மெலிசாக்குவது அவர் வேலை. எல்லாருக்கும் வராத வேலை அது. கொஞ்சம் அழுத்தினால் தோல் ஓட்டையாகிவிடும். அவருடைய வலது கையில் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை பிளந்திருந்தது. கூடவே மனைவி வந்திருந்தாள். அதே ஷாப்பில் கடுக்காய் உடைக்கிறவள். ஒல்லியாக, நெட்டையாக, கண்ணை எடுக்காமல் பார்க்கிறவள். பார்த்த உடனே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

"கத்தி நழுவிச்சி சாமி. எலும்புல டக்குனு இடிச்சிது. கடுக்கா தொட்டியில கைய முக்கிட்டு ஓடியாந்தேன்" என்றார் அவர்.

அங்கே அது வழக்கம். வெட்டுப்பட்டால் பக்கத்தில் இருக்கும் கடுக்காய்த் தொட்டியிலோ ஆவாரம்பட்டைத் தொட்டியிலோ கையை முக்குவார்கள். துவர்ப்பில் ரத்தம் சட்டென்று நிற்கும். அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, கார்பாலிக் தண்ணீரால் மேலாகக் கழுவி, ஐந்து தையல் போட்டேன். அழகான தையல். சலாகை கொதிக்காமல் தட்டிலேயே கிடந்தது. எலும்பில் டக்கென்று இடித்தது என்று அந்த மனிதர் சொன்னாரே, கத்தி முனை என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டியதும் மூச்சை விட்டேன். பதிவேட்டை எடுத்து என் வரியை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்க வந்தார்கள். கையில் வீக்கம் இருந்தது. சீழ் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தையலின் நடுவில், இரண்டாவது முடிச்சுக்கும் மூன்றாவது முடிச்சுக்கும் இடையில், தோல் கறுத்திருந்தது. அழுகல் கறுப்பு இல்லை அது. நீலம் பாய்ந்த கறுப்பு.

"கை ராவெல்லாம் தெறிக்குது சாமி" என்றார் அவர்.

"தையல் போட்டா தெறிக்காம இன்னா பண்ணும்? கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.

அப்போதுதான் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தோல் துண்டை எடுத்தாள். பதனிட்ட ஆட்டுத்தோலின் ஓரம், விரல் நீளம். நடுவில் வட்டமாக ஒரு கறை. அதை அவருடைய கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். நான் மருந்து வைக்கும் மேஜை அது.

"இத பாரு சாமி. இந்தத் தோலு மேல ஒரு ஆணி கெடந்திச்சி. அதான் இப்டி ஆயிட்சி. கடுக்கா தண்ணி பட்ட எடத்துல இரும்பு பட்டா இந்தக் கறுப்புதான் வரும். அதுக்குத்தான் எங்க ஷாப்புல தொட்டிக்குக்கூட மர ஆணி அடிச்சி வெச்சிகிறாங்க. இவரு கையில இருக்கிறதும் இதே கறுப்புதான். உள்ள இரும்பு கீது சாமி. பிரிச்சிப் பாரு."

துண்டையும் பார்த்தேன், கையையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். குருடனுக்குக்கூடத் தெரியும். வாராவாரம் கடுக்காயையும் இரும்பு உப்பையும் கலந்து மை காய்ச்சுகிற எனக்குத் தெரியாதா? அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. ஒரு கடுக்காய் உடைக்கிற பெண் என் மேஜைமேல் தோலை வைத்து எனக்குப் பாடம் நடத்துகிறாள் என்பது ஒன்றுதான் தெரிந்தது.

"தோல் ஷாப்காரன் கை கறுப்பா இல்லாம செவப்பாவா இருக்கும்? சாயம் ஏறிகீது. முதல்ல இந்தக் கண்றாவிய எடு" என்று கத்தினேன்.

அவள் எடுக்கவில்லை. "நீ பாக்கலேன்னா பரவால்ல சாமி. டாக்டரு எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

எல்லாரும் டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம், வரிசையில் பத்துப் பேர் பார்க்க, அவள் அதைக் கேட்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தோல் துண்டை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசினேன். "டாக்டர் இன்னும் ஒரு வாரத்துக்கு வரமாட்டார். செவ்வாய்க்கெழம வா, நானே பிரிக்கிறேன்" என்றேன்.

அது பொய். திங்கட்கிழமை டாக்டர் வருவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் கண்ணில் அந்தக் கை படக்கூடாது என்று திட்டம் போட்டுச் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படி யோசித்தேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கட்டை மறுபடி இறுக்கிக் கட்டினேன். அவர் எழுந்து ஒரு கையால் கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை. வெளியே போய் ஜன்னலுக்குக் கீழே குனிந்து அந்தத் துண்டைப் பொறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் வந்து போனார். நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் வரவில்லை. புதன்கிழமை விரல் நசுங்கி வந்த அவர்கள் ஷாப் மேஸ்திரியிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். கை முழங்கை வரைக்கும் வீங்கி, அந்த மனிதர் காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமையே மனைவி அவரை மாட்டு வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயிலேற்றி வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டாளாம். "பொம்பள கெட்டிக்காரி" என்றான் மேஸ்திரி. எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்த மனிதரின் கைக்காக வேர்த்தது என்று சொல்ல ஆசைதான். என் வேலைக்காக வேர்த்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். இந்த முறை டாக்டர் வரும் நாளை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. நுனியில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அவர் அதை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கும்பிடப் போய், கும்பிட முடியாமல், தலையை மட்டும் ஆட்டினார். நான் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவள் டாக்டர் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியையும் ஒரு சீட்டையும் கொடுத்தாள். குப்பிக்குள் பஞ்சின்மேல் ஒரு முக்கோண இரும்புத் துண்டு இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. சீவுகிற கத்தியின் முனை. மையில் ஊறவைத்து எடுத்தது மாதிரி கறுப்பு. சீட்டில் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருந்தது இரண்டே வரி: உள்ளங்கைக்குள்ளிருந்து இது எடுக்கப்பட்டது, தைப்பதற்கு முன் காயம் ஆராயப்பட்டதா?

டாக்டர் அவர்களைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சலாகை விட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

அவர் குப்பியை என் முகத்துக்கு நேராக ஆட்டினார். உள்ளே துண்டு கண்ணாடியில் பட்டுச் சத்தம் போட்டது. "பார்த்திருந்தா இது தட்டுப்படாமலா போயிருக்கும்?"

அவர் பதிவேட்டைப் புரட்டி என் வரியைப் படித்தார். பக்கத்தின் அடியில் வாராவாரம் அவர் போடும் கையெழுத்து இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடி விழும் என்று நின்றிருந்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இது மேலே போனா உன் வேலை போகும். என் கையெழுத்தும் இருக்கு, என் பேரும் நாறும்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "சலாகை விட நோயாளி சம்மதிக்கலன்னு ஒரு வரி சேர்த்துடு. முதல்ல மேலாகப் பார்த்தே, அப்புறம் ஆழமாப் பார்க்க அவன் விடலே. அவ்வளவுதான். இவங்க எங்கே போய்ப் புகார் எழுதப் போறாங்க?"

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு வரி இடம் விடுவது என் வழக்கம். பக்கம் பார்க்க அழகாக இருக்கும். அந்த இடம் எனக்காகவே காத்திருந்தது. முந்தின நாள் காய்ச்சிய புது மையைத் தொட்டு எழுதினேன்: 'ஆழமாகச் சலாகை விட நோயாளியும் மனைவியும் மறுத்துவிட்டார்கள்.' மனைவியையும் சேர்க்கச் சொல்லி டாக்டர் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

எழுதிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய் மணிக்கட்டுக்குப் புதுக் கட்டுப் போட்டேன். அன்றைக்கு மூச்சை அடக்கவில்லை. வாடையே தெரியவில்லை.

மறுநாள் காலை ஷாப் முதலாளியின் குமாஸ்தா வந்தார். அந்த முதலாளி சாயபு இரக்கமுள்ள மனிதர் என்று பேர். ஒற்றைக் கையோடு வந்து நின்றவரைப் பார்த்து, ஷாப் வாசலில் காவல் வேலை போட்டுத் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் பார்த்து வரும்படி குமாஸ்தாவை அனுப்பியிருந்தார். குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "அட, வைத்தியம் வேணாம்னு சொன்னவனா? சாயபுகிட்ட வேற மாதிரி சொல்லிகிறானே" என்று தலையை ஆட்டினார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது, வெட்கம் பிடித்து நிறுத்தியது. குமாஸ்தா மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயந்தரம், ஆஸ்பத்திரி மூடுகிற நேரத்தில், அவள் தனியாக வந்தாள். வரிசையில் யாருமில்லை. கையெல்லாம் கடுக்காய்த் தூள். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"காவல் வேல கெடையாதுன்ட்டாரு சாயபு. நாங்க வைத்தியம் வேணான்னு சொன்னோமாம். புஸ்தகத்துல எழுதிகீதாம். நாங்க எப்ப சாமி வேணான்னு சொன்னோம்? பிரிச்சிப் பாருன்னு நான்தானே சொன்னேன்?"

"எனக்குத் தெரியாது. புஸ்தகத்துல இருக்கிறதுதான்" என்றேன்.

"அத காட்டு சாமி."

"காட்டினா நீ படிச்சிடுவியா?"

"படிக்கத் தெரியாது. நீ படி. நான் கேக்கறேன்."

ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை புரியவில்லை. படிக்கத் தெரியாதவள்தானே என்கிற தைரியமாக இருக்கலாம். பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டி இரண்டையும் சத்தமாகப் படித்தேன். இரண்டாவது வரியைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. கோபக்காரனாக இருப்பதில் அது ஒரு சௌகரியம். குரலை உயர்த்திவிட்டால் பொய்யும் அதட்டல் மாதிரியே இருக்கும்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தின்மேல் குனிந்து, நிறம் பிரிக்கப் போட்ட தோலைப் பார்க்கிற மாதிரி, தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மேல் வரியின்மேல் விரல் வைத்தாள்.

"இது கடுக்கா மைதானே?"

நான் மைக்கூட்டை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"மேல இருக்கிறது நல்லா கறுத்துகீது. மாசம் ஆயிட்சி." விரல் கீழே இறங்கியது. "இது இன்னும் கறுக்கல சாமி. நேத்து போட்டதுதான் இது."

ஜன்னல் வழியாக வந்த வெயில் நேராகப் பக்கத்தின்மேல் விழுந்திருந்தது. மேல் வரி கரிக்கறுப்பு. கீழ் வரி வெளிறிய சாம்பல். காலையில் குமாஸ்தா கண்ணாடி போட்டுப் படித்தும் கவனிக்காதது, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அவருடைய கையில் இருந்ததும் அவளுக்கு இப்படித்தான் தெரிந்தது. இரண்டு தடவையும் அவள் சொன்னது சரி. இரண்டு தடவையும் அதைக் கொண்டுவந்து சொன்னது என்னிடம்தான்.

அவள் கால்மாட்டில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. அதே நேரத்தில் இவளை வெளியே துரத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைத்தான் செய்தேன்.

"பூட்டற நேரம். போம்மா" என்றேன்.

அவளிடம் நான் மரியாதையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, சாபம் கொடுக்கவில்லை. "சரி சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மேல் வரிக்குப் பக்கத்தில் அவள் விரலிலிருந்த கடுக்காய்த் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை ஊதித் தள்ளினேன்.

அந்த இரவும் அடுத்த இரவும் எனக்குத் தூக்கம் இல்லை. அவள் சாயபுவிடம் போய், புத்தகத்தை வரவழைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் குமாஸ்தாவோ என்று எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. அவள் போய்ச் சொன்னாளா, சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லையா, சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியாது. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு குடியாத்தம் பக்கம் போய்விட்டது என்று மேஸ்திரி சில மாதம் கழித்துச் சொன்னான். ஒற்றைக் கையோடு அந்த மனிதர் அங்கே என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சலாகை விடாமல் ஒரு காயத்தையும் தைத்ததில்லை. இதைக் கேட்டு யாரும் என்னை மெச்ச வேண்டாம். சலாகை தட்டில் உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் எதிரே நிற்கிற மாதிரி இருக்கும். அந்தப் பயத்தில் செய்தது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. அவள் வந்து போன நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, முதல் வேலையாகப் பதிவேட்டை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்த் திறந்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கீழ் வரியும் நன்றாகக் கறுத்திருந்தது. எது முதலில் எழுதியது, எது பின்னால் எழுதியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்தது எனக்கு. ஒரு மனிதரின் கை போய், பிழைப்பும் போன பிறகு, அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.